ஒன்றேகால் கிலோ சம்பந்தம்

கொளஞ்சியப்பனின் இடது தோள் வலது தோளைவிட நாலு விரற்கடை தாழ்ந்திருந்தது. முப்பத்தாறு வருடமாகத் தகரப் பெட்டி தொங்கிய தோள் அது. மழையில் நனைந்தால் தண்ணீர் முழுக்க இடப்பக்கமாகவே வடிந்துவிடும், சட்டையின் வலப்பக்கத்தைத் துவைக்காமலே மறுநாளும் போட்டுக்கொள்வார் என்று சங்கராபுரத்தில் சொல்வார்கள். பாதிச் சட்டையை மட்டும் எப்படித் துவைப்பது என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

அவர் கல்யாணத் தரகர். சங்கராபுரம், கள்ளக்குறிச்சி, உளுந்தூர்பேட்டைப் பக்கம் கல்யாணத்துக்கு நிற்கிற பெண்களும் பிள்ளைகளும் போட்டோவோடும் ஜாதகக் கட்டத்தோடும் அந்தப் பெட்டிக்குள் நெருக்கியடித்துப் படுத்திருந்தார்கள். வார் கட்டித் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் ஏறினால், கண்டக்டர் அவருக்கு ஒரு டிக்கெட்டும் பெட்டிக்கு ஒரு டிக்கெட்டும் கொடுப்பார்.

வைகாசி பிறந்த வாரத்தில் ஒருநாள் தோள் எழும்ப மறுத்தது. கள்ளக்குறிச்சியில் எலும்பு டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார்.

"பெரியவரே, இது தோளா, இல்ல பொட்டியோட கைப்பிடியா?"

"ரெண்டும் ஒன்னாயிடுச்சிங்க."

"இனிமே ரெண்டு கிலோவுக்கு மேல ஒரு கிராம் தூக்கக் கூடாது. தூக்கினீங்கன்னா அட்சதை போடக்கூடக் கை மேல வராது."

கொளஞ்சியப்பனுக்குச் சுருக்கென்றது. அட்சதை போடாத தரகரை எந்த வீட்டில் சேர்ப்பார்கள்?

வீட்டுக்கு வந்ததும் அவர் மனைவி ஆயம்மாள் புளி நிறுக்கும் கொக்கித் தராசை எடுத்து வந்து பெட்டியைத் தொங்கவிட்டாள். தராசு இருபத்தாறு கிலோ காட்டியது. பிறகு கொக்கி நிமிர்ந்துகொண்டது.

"இனிமே இந்தப் பொட்டி வாசப்படி தாண்டக் கூடாது" என்றாள்.

"பொட்டி தாண்டலன்னா நானும் தாண்ட முடியாதேடி."

"அதான் என் ரோதனயும். நாள் முழுக்க நீங்க வூட்லயே குந்திக்கினு இருந்தா நான் எங்க போறது?"

அவள் பயந்ததில் நியாயம் இருந்தது. கொளஞ்சியப்பன் நான்கு நாள் வீட்டில் இருந்து பார்த்தார். முதல் நாள் ஆயம்மாளின் வெடைக்கோழிக்கும் எதிர்வீட்டுச் சேவலுக்கும் பேசி முடித்தார். இரண்டாம் நாள் அதில் மனஸ்தாபம் வந்து, எதிர்வீட்டோடு பேச்சுவார்த்தை நின்றது. நான்காம் நாள் சாயங்காலம் கொல்லையில் இருந்த இரண்டு முருங்கை மரங்களுக்கும் பொருத்தம் பார்த்து, ஒரே கொப்பில் ஒடித்து நட்டவை, அண்ணன் தங்கை முறை என்று தள்ளினார். அன்று ராத்திரிச் சோறு போடும்போது ஆயம்மாள் சொன்னாள்:

"எதுனா வழி பாருங்க. ஆனா ரெண்டு கிலோ. தராசு என் கையில கீது."

போன் இருக்கிறதே, அதில் ஏற்றிக்கொண்டால் போதாதா என்று கேட்டவர்கள் உண்டு. போன் கதை ஏற்கெனவே நடந்து முடிந்திருந்தது. போன வருடம் ஒரு வீட்டில் பெண்ணின் போட்டோவைப் போனில் காட்டினார். போன் கைமாறி மாறி அந்த வீட்டுப் பெரியவரிடம் போயிற்று. பெரியவர் விரலால் ஒரு தள்ளு தள்ளினார். அடுத்த பெண் வந்தாள். இன்னொரு தள்ளு, இன்னொரு பெண். போனில் போட்டோவைத் தள்ள ஆரம்பித்தவன் நிறுத்தியதாக உலகத்தில் எங்கும் செய்தி இல்லை. கடைசியில் ஆயம்மாள் தன் எருமையோடு நிற்கும் போட்டோ வந்தது. பெரியவர் கையை எடுத்தார். "இது இன்னா ஈத்து? எவ்ளோ கறக்கும்?" என்று கேட்டார். அன்று பெண் நின்றுபோனது, எருமை முடிவானது. கொளஞ்சியப்பன் கொடுத்த வாக்கைத் திரும்பப் பெறாதவர். ஆயம்மாளுக்கு அந்த வருத்தம் இன்னும் ஆறவில்லை.

ஆகவே, போட்டோ பெரிதாகத் தெரிய வேண்டும், கைமாறக் கூடாது, கனம் இரண்டு கிலோவுக்குள் இருக்க வேண்டும். இப்படி மூன்று நிபந்தனையோடு கொளஞ்சியப்பன் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருந்த காசிநாதனின் கம்ப்யூட்டர் கடைக்குள் நுழைந்தார். காசிநாதனுக்கே பெண் பார்த்து முடித்தவர் அவர்தான். கடை எழுந்து நின்றது.

"வாங்கண்ணே. ஷாலினி, அண்ணனுக்கு ஒரு காபி சொல்லும்மா."

"காபியெல்லாம் வேணாம். நான் பாக்க வந்திருக்கேன்."

காசிநாதனுக்குப் புரிந்தது. கடையில் வேலை பார்க்கும் ஷாலினிக்குப் புரியவில்லை. சம்பந்தம் முடிவாகும்வரை அந்த வீட்டில் கை நனைப்பதில்லை என்பது ஊர் வழக்கம். சாப்பாட்டுக்குத்தான் அந்த வழக்கம். கொளஞ்சியப்பன் அதைக் காபிக்கும் நீட்டி வைத்திருந்தார். டம்ளரைத் தொட்டால் பாதிச் சம்மதம், குடித்துவிட்டால் முழுச் சம்மதம். முப்பத்தாறு வருடத்தில் அவர் குடிக்காமல் வந்த காபியைச் சேர்த்து வைத்திருந்தால் கோமுகி அணை ஒருதரம் நிரம்பி வழிந்திருக்கும்.

காசிநாதன் முதலில் பெரிய லேப்டாப் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தான். அகலத்தில் அது பந்தியில் போடும் தலைவாழை இலைக்குக் கொஞ்சம்தான் குறைச்சல்.

"இது இன்னா வெயிட்டு?"

"ரெண்டு கிலோ முந்நூறு கிராம்ணே."

"வேணாம். டாக்டர் ஒத்துக்க மாட்டாரு."

"முந்நூறு கிராம் தானேண்ணே."

"முந்நூறு கிராம்னா பன்னெண்டு ஜாதகம், காசி. பன்னெண்டு வூட்டு வயித்தெரிச்சல்."

அடுத்து ஷாலினி சின்னதாக ஒன்றை எடுத்து வந்தாள். பள்ளிக்கூட நோட்டு அளவுதான் இருந்தது. கொளஞ்சியப்பன் எழுந்து அதைச் சுற்றி ஒருதரம் நடந்து வந்தார். பிறகு உட்கார்ந்தார்.

"இது?"

"ஒன்னேகால் கிலோ. சார்ஜர் ஒயரோட ஒன்னரை."

"ரொம்ப ஒல்லியா இருக்குதே. உடம்புக்கு எதுனா?"

"இதுங்க ஒடம்பே இப்டித்தாங்கய்யா" என்றாள் ஷாலினி.

"சாப்பாடு எப்டி?"

"ஒருவாட்டி சார்ஜ் போட்டா எட்டு மணி நேரம் நிக்கும்னு கம்பெனிக்காரன் சொல்றான்ணே."

"கம்பெனிக்காரன் பொண்ணப் பெத்தவன். அவன் அப்டித்தான் சொல்லுவான். நீ சொல்லு."

காசிநாதன் கடை வாசலை ஒருதரம் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினான். "அஞ்சு மணி நேரம்."

"இது பேச்சு. கொறை இன்னா இருக்குது? மறைக்காம சொல்லு. அப்பால தெரிஞ்சா ரெண்டு பக்கமும் மனஸ்தாபம்."

"சினிமா வேலை, பெரிய பெரிய கேம் இதெல்லாம் இதுல முடியாதுண்ணே. தெணறும். எழுத்துப் பட்டனெல்லாம் சின்னது. எல்லாத்தையும் ரொம்பச் சேத்து வைக்கவும் எடம் கம்மி."

"எனக்கு ஜாதகமா கேம் ஆடப் போவுது? எடம் கம்மின்னா எவ்ளோ கம்மி? என்னாண்ட இருபத்தாறு கிலோ இருக்குது."

"கம்ப்யூட்டர்ல கிலோக் கணக்கு கெடையாதுங்கய்யா" என்றாள் ஷாலினி.

"அது சரி. அப்ப இருபத்தாறு கிலோவும் உள்ள போனப்பறம் இது ஒன்னேகால் கிலோதான் இருக்குமா?"

"அதே ஒன்னேகால்தான் இருக்கும்."

கொளஞ்சியப்பன் அவளை ஏற இறங்கப் பார்த்தார். தொழிலில் அவர் கேட்ட பொய்களில் இது கொஞ்சம் பெரியது. ஆனால் சொன்ன முகத்தில் பொய் இல்லை.

கடைசியாக அதைக் கவிழ்த்துப் பார்த்தார். அடியில் ஒட்டியிருந்த சீட்டில் தேதி இருந்தது. விரல்விட்டு எண்ணினார். முகம் சுருங்கியது.

"சித்திரையில பொறந்திருக்குதே காசி. தகப்பனுக்கு ஆவாதே."

"அது சீனாவுல பொறந்ததுண்ணே. தகப்பன் அங்கியே கீறான்."

"அப்ப சரி" என்றார் கொளஞ்சியப்பன். "ஏழு நாள் என்னாண்ட குடு. ஒத்து வந்தா வந்து காபி குடிக்கிறேன். ஒத்து வரலன்னா வந்த வழியே அனுப்பிடறேன், பேரு கெடாம."

"அண்ணே, எனக்குக் கல்யாணம் பேசறப்ப ஏழு நாள் டயம் குடுத்தீங்களா?"

"குடுத்திருந்தா உன் சம்சாரம் உன்ன வேணாம்னிருக்கும்."

காசிநாதன் லேப்டாப்பையும் சார்ஜர் ஒயரையும் பையில் போட்டுக் கொடுத்தான்.

முதல் மூன்று நாள் பெட்டியைப் பிரிப்பதில் போயிற்று. ஆயம்மாள் பெட்டியைத் தூக்க விடாததால், ஜாதகங்களைத் தவணை முறையில், நாளைக்கு நாலு நடையாக, பையில் போட்டுக் கடைக்குக் கொண்டுவந்தார். ஷாலினி ஒவ்வொன்றாக எடுத்து "இவங்களுக்கு ஆயிடுச்சா?" என்று கேட்பாள்.

"இது? இவனுக்கு முடிஞ்சு இருபது வருஷம் ஆவுதும்மா."

"அப்பறம் ஏன் வச்சிக்கினு இருக்கீங்க?"

கொளஞ்சியப்பன் அடுத்த கட்டை எடுத்து நீட்டினார். பிரிக்கப் பிரிக்கத்தான் விஷயம் வெளியே வந்தது. தொள்ளாயிரம் ஜாதகத்தில் எழுநூற்றைம்பது சொச்சம் பேருக்குக் கல்யாணம் ஆகி, பலருக்குப் பேரப்பிள்ளை எடுத்தாயிற்று. ஒருவர் சன்னியாசம் போயிருந்தார். அடியில் மஞ்சள் தடவிய ஒரு பழுப்புக் காகிதத்தை ஷாலினி எடுத்துப் படித்தாள்: "ஆயம்மாள், ரோகிணி, ரிஷபம்."

"இது யாருங்கய்யா? இன்னும் ஆவலயா?"

"அத அந்தாண்ட வையி" என்றார் கொளஞ்சியப்பன். முப்பத்தாறு வருடமாகத் தன் சொந்தப் பெண்சாதியையும் சேர்த்து மலைக்கும் சமவெளிக்கும் தூக்கித் திரிந்திருக்கிறார். அந்தத் தோள் இறங்காமல் என்ன செய்யும்?

உண்மையில் நிற்பவர்கள் நூற்று நாற்பத்து மூன்று பேர்தான். அவர்களை மட்டும் தனியாகக் கட்டி நிறுத்துப் பார்த்தார்கள். மூன்றரைக் கிலோ. டாக்டர் கணக்குக்கு அதுவும் ஜாஸ்தி. ஆகவே நூற்று நாற்பத்து மூன்று பேரும் போட்டோ, கட்டம், குலம் கோத்திரம் சகிதமாகச் சின்ன லேப்டாப்புக்குள் குடியேறினார்கள். நிறுத்துப் பார்த்தார். ஒன்றேகால் கிலோ. ஷாலினி பொய் சொல்லவில்லை.

நாலாம் நாள் சங்கடம் வந்தது. கொளஞ்சியப்பனின் விரல் பருமனானது. ஒரு பட்டனை அழுத்தினால் பக்கத்தில் உள்ள இரண்டும் சேர்ந்து அமுங்கும். எழில்மதி என்ற பெண்ணின் பேரை அடிக்கப் போனால் ஒரு ஊராட்சி அளவுக்கு ஆட்கள் வந்து நின்றார்கள். ஷாலினி ஒரு பென்சிலைக் கொடுத்து, அதன் பின்முனையால் அழுத்தச் சொன்னாள். அது ஒத்து வந்தது. ஆனால் ஓர் எழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் நடுவே அவருக்கு ஒரு வெற்றிலை போடும் நேரம் தேவைப்பட்டது. அதற்குள் திரை இருண்டுவிடும்.

"இன்னா இது, பேசிக்கினு இருக்கும்போதே மூஞ்சியத் திருப்பிக்குது? எனக்குப் பிடிக்கலம்மா."

"அது கரண்ட மிச்சம் புடிக்குதுங்கய்யா. இருங்க, மாத்தி வுடறேன்." ஷாலினி எதையோ தட்டினாள். "இனிமே நீங்களா மூடற வரைக்கும் அணையாது. உங்க கண்ணுக்காக வெளிச்சத்தையும் ஃபுல்லா வச்சிட்டேன். சார்ஜ் மட்டும் கொஞ்சம் சீக்கிரமா எறங்கும், பாத்துக்குங்க."

அஞ்சாம் நாள் வீட்டில் உட்கார்ந்து பென்சிலால் 'திருவோணம்' என்று தட்டினார். பதினோரு திருவோணக்காரர்களும் வரிசையாக வந்து நின்றார்கள். முன்பெல்லாம் பெட்டிக்குள் தலையை விட்டு அரைமணி நேரம் துழாவ வேண்டும். கொளஞ்சியப்பன் திரும்பத் திரும்ப ஒவ்வொரு நட்சத்திரமாகக் கூப்பிட்டுப் பார்த்தார். எல்லோரும் வந்தார்கள். ஆயம்மாள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"இன்னா சொல்லுது உங்க புது சம்சாரம்?"

"வாயத் தொறக்க மாட்டேங்குது. அந்த ஒரு கொணமே போதும்."

"நாளைக்கு மலைக்கு இட்டுக்கினு போங்க. ஜெயம்மாகிட்ட தாக்குப் புடிச்சா எங்க வேணா தாக்குப் புடிக்கும். அங்க ஆவலன்னா, தோ, முருங்க மரம் இருக்குது, நீங்க இருக்கீங்க."

ஜெயம்மாள் களமருதூர்க்காரர். மகன் இளஞ்செழியனுக்குக் கரியாலூரில் பள்ளிக்கூட வாத்தியார் வேலை. மலைமேல் வீடெடுத்துத் தங்கியிருந்த மகனுக்குச் சமைத்துப் போட ஜெயம்மாளும் அங்கேயே இருந்தார். மகனுக்கு முப்பத்து மூன்று ஆகிறது. கொளஞ்சியப்பன் இதுவரை இருபத்தேழு பெண்களைக் காட்டியிருந்தார். ஒரு போட்டோவை அரை நொடிக்கு மேல் ஜெயம்மாள் பார்த்ததில்லை. அரை நொடிக்குள் ஒரு குறை கிடைத்துவிடும். சிரிக்கிற பெண்ணை "இன்னா, இளிச்சிக்கினு கீது" என்பார். சிரிக்காத பெண்ணை "இதுக்கு இன்னா வந்துது?" என்பார். ஒரு பெண்ணிடம் ஒன்றும் கிடைக்காமல், போட்டோவில் பின்னால் தெரிந்த கதவு சாத்தியிருப்பதைப் பார்த்து, "விருந்தாளி வந்தா தொறக்காத வூடு" என்று தள்ளினார்.

ஆறாம் நாள் காலை சார்ஜ் முழுக்க ஏற்றிக்கொண்டு கொளஞ்சியப்பன் பஸ் ஏறினார். கண்டக்டர் பழக்கதோஷத்தில் இரண்டு டிக்கெட் கிழித்துவிட்டார்.

"பொட்டி எங்கண்ணே?"

"இதான்." மடியில் இருந்த துணிப்பையைக் காட்டினார்.

"ஊருப் பொண்ணுங்கள்லாம்?"

"உள்ளதான் இருக்காங்க."

"மூச்சு முட்டாது?"

"ஒயர் வழியா காத்து போவுது."

கண்டக்டர் ஒரு டிக்கெட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டார். கச்சிராயபாளையம் தாண்டி, அணை தாண்டி, வளைவு வளைவாக பஸ் மேலே ஏறியது. ஒவ்வொரு வளைவிலும் முன்பு பெட்டி அவரை இடப்பக்கம் இழுக்கும். இன்று இழுக்க ஆளில்லை. உடம்பு பழக்கத்தில் எதிர்ப்பக்கம் சாய, மூன்றாவது வளைவில் பக்கத்து சீட்டுக்காரர் மேலேயே போய் விழுந்தார். எழுந்திருப்பதற்குள் அந்த ஆளுக்குக் கல்யாணமாகாத ஒரு தங்கை இருப்பதைத் தெரிந்துகொண்டார்.

இளஞ்செழியன் இருந்த வீட்டு வாசலில் பெரிய பலாமரம் ஒன்று நின்றது. அடிமரத்திலேயே காய்த்துத் தொங்கியது. அதன் கீழே பெஞ்சு போட்டார்கள். அன்று பள்ளிக்கூடம் லீவு, இளஞ்செழியனும் அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். மேகம் இறங்கி, பகலிலேயே மங்கலாக இருந்தது.

"பொட்டிய இன்னா பண்ணீங்க, வித்துட்டீங்களா?" என்றார் ஜெயம்மாள்.

"எல்லாரும் இதுல கீறாங்கம்மா." கொளஞ்சியப்பன் லேப்டாப்பைத் திறந்து, பென்சிலால் எழில்மதி என்று தட்டினார். திரை முழுக்க ஒரு பெண் வந்தாள். "பொண்ணுக்குச் சங்கராபுரம் பக்கம். கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில நர்சு வேலை. எட்டுப் பொருத்தம் இருக்குது."

ஜெயம்மாள் அரை நொடி பார்த்தார். "புருவம் ஜாஸ்தி. அடுத்தது காட்டுங்க."

இருபத்தெட்டாவதும் போயிற்று. புது லேப்டாப்பானாலும் பழைய பெட்டியானாலும் அரை நொடி அரை நொடிதான். கொளஞ்சியப்பன் பென்சிலைக் கையில் எடுத்தார். அந்த நேரத்தில் பலாமரத்திலிருந்து ஒரு குரங்கு இறங்கி வந்தது.

அருவி பார்க்க வருகிறவர்களிடம் சிப்ஸ் பாக்கெட் பிடுங்கிப் பழகிய குரங்கு அது. பளபளவென்று திறந்திருந்த பெட்டி புதுத் தீனியாகத் தெரிந்திருக்கும். மூவருக்கும் நடுவில் கையை விட்டு, லேப்டாப்பைத் தூக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு மரத்தில் ஏறிவிட்டது. உயிர் போகிற அந்த நேரத்திலும் கொளஞ்சியப்பனின் தொழில் கண் ஒன்றைக் கவனித்தது. குரங்கு ஒரே கையால்தான் ஏறியது. அவ்வளவு இலேசு.

பத்தடி உயரத்தில் ஒரு கவையில் உட்கார்ந்து, குரங்கு லேப்டாப்பை முகர்ந்து பார்த்தது. தின்கிற பொருள் இல்லை என்று தெரிந்ததும், திரை கீழே பார்க்கும்படி மடியில் வைத்து, இரண்டு ஓரத்தையும் பிடித்துக்கொண்டது. ஒரு பட்டன்மேலும் அதன் விரல் படவில்லை. கொளஞ்சியப்பனைவிட நாசூக்காகவே பிடித்திருந்தது. மங்கலான மரத்துக்குள் எழில்மதியின் முகம் தேர் விளக்கு மாதிரி எரிந்தது.

"கல்லு வுடாதீங்க, கண்ணாடி!" என்று கொளஞ்சியப்பன் கத்தினார். இளஞ்செழியன் ஒரு வாழைப்பழத்தை வீசினான். குரங்கு அதைக் காலால் பிடித்து, காலாலேயே உரித்துத் தின்றது. கை இரண்டும் பெண்ணைக் காட்டும் வேலையில் இருந்தன.

காத்திருப்பதைத் தவிர வழியில்லை. வழியில் போனவர்கள் நின்றார்கள். கரியாலூரில் பாதிப் பேர் கூடிவிட்டார்கள். கடுக்காய் மூட்டையோடு போன ஒரு அம்மாள் மேலே பார்த்து, "யாரு, எலெக்சன்ல நிக்கறவங்களா?" என்று கேட்டார்.

கூட்டம் கூடின இடத்தில் குறை சொல்லாமல் உள்ளே போக ஜெயம்மாளுக்கு மனம் வரவில்லை. கழுத்தை நிமிர்த்தினார். "புருவம் ஜாஸ்தி" என்று மறுபடி ஆரம்பித்தார். "தோடு சின்னது. பொடவ கலரு சரியில்ல. நெத்தி அகலம்." கால்மணி நேரத்தில் பதினாறு குறை சொன்னார். போட்டோ நகரவில்லை. அடுத்த கால்மணியில் நாலுதான் தேறியது. வாழ்க்கையில் முதல்முறையாக ஜெயம்மாளுக்குக் குறை தீர்ந்துவிட்டது. வேறு வேலை இல்லாததால் பார்த்துக்கொண்டே இருந்தார்.

திரை எப்போது இருளுமோ என்று கொளஞ்சியப்பன் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார். இருளவில்லை. ஷாலினி தட்டிய தட்டு அப்படி.

"கண்ணுக்குக் கீழ கறுத்துக் கிடக்குது" என்றார் ஜெயம்மாள் திடீரென்று.

"ஆமாம்மா" என்றார் கொளஞ்சியப்பன், போயிற்று என்று நினைத்துக்கொண்டு.

"நைட்டு டூட்டி போல. தூங்கறதில்ல. பாவம்."

கொளஞ்சியப்பன் காதைத் தேய்த்துக்கொண்டார். குறை சொல்லும் வாயில் பாவம் என்ற சொல் வந்துவிட்டால் பாதிப் பந்தல் போட்ட மாதிரி. இது அவர் தொழிலில் கண்ட பாடம். ஆனால் ஜெயம்மாள் வாயில் வரும் என்று அவர் எந்தக் கட்டத்திலும் கண்டதில்லை.

கூட்டத்தில் ஒருவன் சும்மா இருக்கமாட்டாமல், "மூக்கு கொஞ்சம் சப்பையா தெரிதே" என்றான்.

ஜெயம்மாள் திரும்பினார். "உம் மூக்கு இன்னாடா, கோபுரமா? வந்துட்டான் எங்கூட்டுப் பொண்ணப் பேச!"

கூட்டம் மொத்தமும் ஜெயம்மாள் பக்கம் திரும்பியது. இளஞ்செழியன் மெதுவாகக் கொளஞ்சியப்பன் பக்கம் சாய்ந்தான். "ஐயா, பேரு இன்னா சொன்னீங்க?"

"எழில்மதி. நாலாவது வாட்டி கேக்கறீங்க தம்பி."

ஜெயம்மாள் மரத்தடிக்குப் போய் இடுப்பில் கைவைத்து நின்றார். "டேய்! ஒரு மணி நேரமா கையில வச்சிக்கினு இன்னா பண்ற? கண்ணு கெட்டுப் பூடும். எறங்கு. மெதுவா வை."

குரங்கு இறங்கியது. மெதுவாகவும் வைத்தது. பெற்ற மகன் முப்பத்து மூன்று வயதாகியும் போனைக் கீழே வைத்துக் கேட்காத பேச்சைக் குரங்கு கேட்டதில் ஜெயம்மாளுக்குக் கொஞ்சம் பெருமை. கொளஞ்சியப்பன் லேப்டாப்பைத் தடவிப் பார்த்தார். மூடியில் ஒரு நகக்கீறல். சார்ஜ் இன்னும் பாதிக்கு மேல் இருந்தது.

இறங்கும் பஸ்ஸிலேயே எழில்மதிக்குப் போன் போட்டு நடந்ததை நடந்தபடி சொன்னார். கல்யாண விஷயத்தில் தரகர் உண்மை பேசுவது அபூர்வம் என்பதால் அவள் நம்ப நேரம் பிடித்தது.

"கொரங்கே ஒரு மணி நேரம் பாத்துச்சிங்களா?"

"கண்ணக்கூட சிமிட்டலம்மா."

அவள் சிரித்தாள். "அது பாத்தது இருக்கட்டும், நான் அவரப் பாக்க வேணாமா? ஞாயித்துக்கிழம லீவு. வரச் சொல்லுங்க. வந்தா எங்கிட்ட நாலு வார்த்தை பேசச் சொல்லுங்க. அம்மா பேசறது அப்பறம்."

"பேசுவாரும்மா. பேரு தெரிஞ்சிக்கினாரு."

ஏழாம் நாள் கொளஞ்சியப்பன் கடைக்குப் போனார். காசிநாதன் லேப்டாப்பை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இன்னாண்ணே இது, கீறல்?"

"உன் கம்பெனிக்காரன் சொல்லாத டெஸ்ட் ஒன்னு எடுத்தேன்."

"எப்டி, ஒத்து வந்துச்சா? எழுத்து சின்னது, படம் ஓடாது, எடம் கம்மி..."

கொளஞ்சியப்பன் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். இடது தோளும் கூடவே சாய்ந்தது. வலிக்கவில்லை.

"ஆளுக்குத் தேவை எவ்ளோன்னு பொட்டியப் பிரிச்சாத்தான் தெரியுது காசி. இருபத்தாறு கிலோ ஆளுன்னு நெனச்சிக்கினு இருந்தேன். பாத்தா ஒன்னேகால் கிலோ ஆளு. அதுக்கு இது சரி." பிறகு திரும்பி, "ஷாலினி, அந்தக் காபி இன்னா ஆச்சி?" என்று கேட்டார்.

காபி வந்தது. ஆறி, ஆடை படிந்து, சர்க்கரை தூக்கலாக இருந்தது. குறை சொல்ல நாலைந்து விஷயம் இருந்தது. ஒன்றும் சொல்லாமல் கடைசிச் சொட்டுவரை குடித்தார். இன்னொன்று கேட்டு அதையும் குடித்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவர் செருப்பு மாட்டும்போது ஆயம்மாள் கொக்கித் தராசோடு வாசலில் நின்றாள். நிமிர்ந்துபோன கொக்கியை அவளே வளைத்து வைத்திருந்தாள். பையை வாங்கி மாட்டினாள்.

"ஒன்னரை" என்றாள். "டாக்டர் ரெண்டு சொன்னாரு. இன்னும் அரைக்கிலோ கீது."

"அதுக்கு?"

அவள் முந்தானைக்குப் பின்னாலிருந்து ஒரு வாழையிலைப் பொட்டலத்தை எடுத்தாள். புளிசோறு மணத்தது. "பொண்ணு வூட்ல கை நனைக்க மாட்டீங்க. அவங்க பேசி முடிக்கிற வரைக்கும் வயித்தப் புடிச்சிக்கினு குந்தியிருப்பீங்க. இது எனக்குத் தெரியாதா?"

பொட்டலத்தைப் பைக்குள் வைத்து மறுபடி தொங்கவிட்டாள். முள் இரண்டைத் தாண்டி ஒரு மயிரிழை நின்றது. ஆயம்மாள் முகத்தில் சமரசமே இல்லை. பொட்டலத்தைப் பிரித்தாள். ஒரு கை அள்ளித் தன் வாயில் போட்டுக்கொண்டாள். கட்டி, வைத்து, மறுபடி நிறுத்தாள்.

"இப்ப சரி" என்றாள், மென்றுகொண்டே. "போய்ட்டு வாங்க."